விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர்: மூன்றாண்டுப் பயன்பாட்டிற்குப் பின் ஒரு மதிப்புரை

நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ள என் தாயாருக்காக வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டரை மூன்றாண்டுகளாக நாள்தோறும் பயன்படுத்தி வருகிறேன். ஒரே மாதிரியான உள்ளமைப்போடு பல பெயர்களில் விற்கப்படும் கருவி இது என்பதால், நான் வாங்கிய நிறுவனத்தின் பெயரைச் சொல்வதில் பயனில்லை. இந்த மதிப்புரை விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் என்ற வகை முழுவதையும் பற்றியது. இது சரியாக அளக்கிறதா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு ஒரே சொல்லில் விடையளிக்க இயலவில்லை. யாருடைய விரலில் மாட்டி அளக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கைக்குள் அடங்குகிறது; ஊசி வேண்டியதில்லை, வலியில்லை; மாட்டிய சில நொடிகளில் ஆக்சிஜன் செறிவையும் (இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் எத்தனை விழுக்காடு நிரம்பியிருக்கிறது என்பதையும்) நாடித் துடிப்பையும் காட்டிவிடுகிறது. இரண்டு சிறிய பேட்டரிகள் பல மாதங்கள் தாங்குகின்றன. திரையின் எழுத்துகள் பெரியவை, முதியவர்களும் கண்ணாடியின்றிப் படிக்கலாம். அறுவைச் சிகிச்சை அரங்குகளில் மயக்க மருந்தின்போது நேரும் ஆபத்துகளை முன்கூட்டியே அறிய உதவிய கருவிகளுள் இதற்கு இணையானவை குறைவு. உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில், மயக்கம் கொடுப்பதற்கு முன் உறுதிசெய்ய வேண்டியவற்றுள் இதுவும் ஒன்றாக இடம்பெற்றிருப்பது காரணமின்றி அன்று.

எனக்கு ஐயம் தோன்றியது ஓர் இரவில். அம்மாவால் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியவில்லை. மூன்று சொற்களுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். கருவி 94 என்று காட்டியது. வலக்கை நடுவிரலில் 94, இடக்கை ஆள்காட்டி விரலில் 94, கையைத் தேய்த்துச் சூடாக்கி மீண்டும் மாட்டியபோது 95. கருவியோடு வந்த கையேடு 94க்குக் கீழே போனால் மருத்துவரை அணுகுமாறு சொல்லியிருந்தது. எண் எல்லையைத் தாண்டவில்லை என்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். பிறகு மருத்துவமனையில் மணிக்கட்டுத் தமனியிலிருந்து இரத்தம் எடுத்து அளந்தபோது செறிவு 88 என்று வந்தது. அம்மாவின் நிறம் நல்ல கறுப்பு. அந்தச் செய்திக்கும் இந்த ஆறு புள்ளி வேறுபாட்டுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்பதை அங்கே பணியிலிருந்த இளம் மருத்துவர்தான் முதலில் சொன்னார். ஒரு நோயாளியின் ஓர் இரவைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது என்பதை அறிவேன். ஆனால் அதன் பிறகு தேடிப் படித்தபோது, அந்த மருத்துவர் சொன்னது முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் துறைக்குள் தெரிந்திருந்த ஒன்று என்று அறிந்து எனக்கு வியப்பைவிடக் கோபமே மிகுந்தது.

கருவியின் உள்ளே நடப்பதை ஓரளவு அறிந்தால்தான் குறையின் தன்மை விளங்கும். கிளிப்பின் ஒரு பக்கத்தில் இரண்டு சிறு விளக்குகள் உள்ளன. ஒன்று ஏறத்தாழ 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள செந்நிற ஒளியையும், மற்றொன்று ஏறத்தாழ 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்துகின்றன. மறுபக்கத்தில் உள்ள உணரி, விரலைக் கடந்து வரும் ஒளியை அளக்கிறது. ஆக்சிஜன் ஏற்ற ஹீமோகுளோபின் செந்நிற ஒளியைக் குறைவாகவும், ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் அதே ஒளியை மிகுதியாகவும் உறிஞ்சிக்கொள்கின்றன. அகச்சிவப்பில் இந்த வரிசை மாறிவிடுகிறது. தோல், எலும்பு, சிரை இரத்தம் ஆகியவை உறிஞ்சும் ஒளி நொடிக்கு நொடி மாறுவதில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறி இறங்குவது தமனி இரத்தத்தின் பங்கு மட்டுமே. எனவே ஏறி இறங்கும் பகுதியைத் தனியே பிரித்து, இரு ஒளிகளுக்கும் இடையிலான விகிதத்தைக் கணக்கிட்டால், தோலின் நிறம் தானாகவே கணக்கிலிருந்து விலகிவிடும் என்பது கோட்பாடு. ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1974இல் முன்வைத்த இந்தக் கருத்து உண்மையிலேயே அழகானது.

கோட்பாட்டில் விலகும் தோல் நிறம் நடைமுறையில் முழுதாக விலகுவதில்லை. தோலுக்குக் கருமை தரும் நிறமியான மெலனின் அகச்சிவப்பைவிடச் செந்நிற ஒளியைக் கூடுதலாக விழுங்குகிறது. விளக்கு உமிழும் ஒளியும் ஒரே அலைநீளத்தில் நிற்காமல் இருபுறமும் சற்றே பரவியிருப்பதால், மெலனினைக் கடந்து வரும் ஒளியின் சேர்க்கையே மாறிவிடுகிறது. உணரிக்கு வந்து சேரும் ஒளி குறையும்போது, உண்மையான துடிப்பையும் இரைச்சலையும் பிரித்தறிவதும் கடினமாகிறது. இதைவிட முக்கியமான செய்தி வேறொன்று. விகிதத்தைச் செறிவாக மாற்றும் அட்டவணை இயற்பியல் சூத்திரத்திலிருந்து மட்டும் வருவதில்லை; உடல்நலமுள்ள தன்னார்வலர்களுக்கு ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்து, அவர்களுடைய செறிவை ஏறத்தாழ 70 விழுக்காடு வரை படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் தமனி இரத்தத்தை எடுத்து ஒப்பிட்டே அது தயாரிக்கப்படுகிறது. 70க்குக் கீழே கருவி காட்டுவதெல்லாம் நீட்டித்துக் கணித்த எண்களே. ஆக, இந்தக் கருவி அளவுகோல் என்பதைக் காட்டிலும் ஒப்பீடு என்பதே பொருந்தும்: உங்கள் விரலை, என்றோ ஓர் ஆய்வகத்தில் படுத்திருந்த சிலருடைய விரல்களோடு ஒப்பிட்டு அது விடை சொல்கிறது. அந்தச் சிலருள் பெரும்பாலோர் வெளிறிய தோலினர் என்றால், கருந்தோலினருக்கான விடை எப்பக்கம் சாயும் என்பதை யாரும் அக்கறையோடு பார்த்திருக்க மாட்டார்கள்.

பார்த்தவர்கள் இருந்தார்கள் என்பதுதான் இதில் வருத்தமான பகுதி. 1970களில் காதில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்றை ஹியூலட்-பேக்கார்டு நிறுவனம் தயாரித்தது. அது இரண்டுக்கு மாறாக எட்டு அலைநீளங்களைப் பயன்படுத்தியது, தோல் நிறமியின் தாக்கத்தையும் கணக்கில் கொள்ளும் நோக்கம் அதில் இருந்தது. கனமாகவும் கையாளக் கடினமாகவும் இருந்த அது, விரலில் மாட்டும் எளிய கருவி வந்ததும் ஒதுங்கிப்போயிற்று. எளிமையும் மலிவும் வென்றன என்று சொல்லலாம். யாருக்கு எளிமை என்ற கேள்வி மட்டும் கேட்கப்படாமலே நின்றது. 1990இல் அமல் ஜுப்ரான், மார்ட்டின் டோபின் என்ற இரு மருத்துவர்கள் செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளை ஆராய்ந்து, வெள்ளையர்களுக்கு 92 என்ற இலக்கு போதுமானதாக இருந்தபோது கறுப்பினத்தவர்களுக்கு 95 தேவைப்பட்டது என்று எழுதினார்கள். 2005இல் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வுக்குழு, கருந்தோலினரிடம் கருவிகள் செறிவைக் கூட்டிக் காட்டுவதையும், செறிவு குறையக் குறைய அந்தப் பிழை வளர்வதையும் காட்டியது. அதாவது நோய் முற்ற முற்றக் கருவி மேலும் பொய் சொல்கிறது. இத்தனைக்குப் பிறகும் கடைகளில் விற்ற கருவிகளின் கையேடுகளில் நகச்சாயம், குளிர்ந்த விரல், கை நடுக்கம் ஆகியவற்றைப் பற்றிய எச்சரிக்கைகள் இருந்தன. தோல் நிறத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. என்னிடம் உள்ள கையேடும் அப்படித்தான்.

பெருந்தொற்று வந்த பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. 2020 ஆகஸ்டில் மானுடவியலாளர் ஏமி மோரன்-தாமஸ் இந்தக் கருவியின் நிறச் சார்பைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்; அதைப் படித்த மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் தங்கள் பதிவேடுகளைத் தோண்டி, ஒரே நேரத்தில் எடுக்கப்பட்ட ஆக்சிமீட்டர் அளவையும் தமனி இரத்த அளவையும் இணையிணையாக ஒப்பிட்டார்கள். அவ்வாண்டு டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த முடிவு இது: கருவி 92 முதல் 96 வரை காட்டிய தருணங்களில், உண்மையான செறிவு 88க்கும் கீழே இருந்தது வெள்ளை நோயாளிகளிடம் 3.6 விழுக்காடு, கறுப்பின நோயாளிகளிடம் 11.7 விழுக்காடு. வேறு 178 மருத்துவமனைகளின் பழைய பதிவுகளில் அதே ஒப்பீடு 6.2க்கு 17.0 என்று வந்தது. இரு இடங்களிலும் எண்கள் வேறு. ஏறத்தாழ மூன்று மடங்கு என்ற விகிதம் ஒன்றே. இந்தக் கருவியின் கோட்பாட்டை முன்வைத்த அவோயாகி அதே 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் காலமானார். தம் கருத்தில் பிறந்த கருவி உலகெங்கும் வீடுகளுக்குள் நுழையத் தொடங்கியிருந்த வேளை அது.

சராசரியாக ஒன்றிரண்டு புள்ளிப் பிழைக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்கள் உண்டு. சிகிச்சை ஓர் எல்லைக்கோட்டில் தொடங்கும்போது ஒன்றிரண்டு புள்ளிகள் சிறியவை அல்ல. கோவிட் நோயாளிகளுக்குச் சில மருந்துகளைத் தொடங்க 94 என்ற எல்லை வைக்கப்பட்டிருந்தது. 2022இல் வெளிவந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு ஒன்று, வெள்ளையரோடு ஒப்பிடுகையில் கருவி கறுப்பினத்தவரிடம் சராசரியாக 1.2 புள்ளியும், ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி வழிவந்த) மக்களிடம் 1.1 புள்ளியும், ஆசிய வம்சாவளியினரிடம் 1.7 புள்ளியும் கூட்டிக் காட்டியதாகக் கண்டது. இந்தக் கூடுதலால், சிகிச்சைக்கு உரியவர் என்று அடையாளம் காணப்படும் வாய்ப்பு கறுப்பினத்தவருக்கு 29 விழுக்காடும் ஹிஸ்பானிக் மக்களுக்கு 23 விழுக்காடும் குறைந்திருந்தது. ஆசியர் என்ற சொல்லுக்குள் எத்தனை நிறங்கள் அடங்கும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தச் சொல்லே ஓர் அளவுப் பிழைதான். தோலின் நிறத்தை அளக்காமல், பதிவேட்டில் எழுதப்பட்ட இனப்பெயரை வைத்துக்கொண்டு செய்த ஆய்வுகள் என்பது இவை அனைத்துக்கும் உள்ள பொதுவான குறை. ஆனால் நிறத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்று மருத்துவமனைகளுக்கு அதுவரை தோன்றவில்லை என்பதையும் அதே குறை காட்டுகிறது.

இந்தப் பிழையை நான் ஏன் மற்றக் குறைகளோடு சேர்த்து வரிசையில் வைக்கவில்லை என்பதை விளக்க வேண்டும். குளிர்ந்த விரலில் கருவி தடுமாறினால் திரையில் கோடுகள் ஓடும், எண் நிலைகொள்ளாது. பயன்படுத்துபவருக்கு ஐயம் வரும். நகச்சாயத்தால் பெரும்பாலும் அளவு குறைவாகவே வரும். பயந்துபோய் மருத்துவரிடம் ஓடினாலும் கெடுவது ஒன்றுமில்லை. தோல் நிறத்தால் வரும் பிழை அப்படியன்று. எண் அசையாமல் நிற்கிறது, அலைவரைவு ஒழுங்காக ஓடுகிறது, விடை ஆறுதலாக இருக்கிறது. மருத்துவமனைக்குப் போனால் நம் மூச்சுத்திணறலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று ஏற்கெனவே அனுபவத்தால் அறிந்த சிறுபான்மையினத்தவர் ஒருவரிடம், உங்களுக்கு ஒன்றுமில்லை என்று கருவியும் சேர்ந்து சொல்கிறது.

பழங்குடிக் குடியிருப்புகளைப் பற்றி எண்ணும்போது இது இன்னும் கனக்கிறது. பெரிய மருத்துவமனையில் ஆக்சிமீட்டர் பல சான்றுகளுள் ஒன்று; ஐயம் வந்தால் தமனி இரத்தத்தைச் சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். சாலை முடியும் இடத்துக்கும் அப்பால் உள்ள ஒரு துணைச் சுகாதார நிலையத்தில் இரத்த வாயுச் சோதனைக் கருவி இருக்காது. அங்கே பணியாற்றும் சுகாதாரப் பணியாளரின் கையில் இருக்கும் இந்தச் சிறு கிளிப்தான், மூச்சிரைக்கும் குழந்தையை நெடுந்தொலைவு கொண்டுபோக வேண்டுமா, வீட்டுக்கு அனுப்பலாமா என்று தீர்மானிக்கிறது. நிமோனியா உள்ள குழந்தைக்குச் செறிவு 90க்குக் கீழே இருந்தால் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழிகாட்டுதல். சரிபார்க்க மாற்று வழியில்லாத இடத்தில்தான் பிழையின் முழு விலையும் செலுத்தப்படுகிறது. அத்தகைய இடங்களில் வாழ்பவர்களோ, கருவியைச் சோதிக்கும் ஆய்வகங்களுக்கு ஒருபோதும் அழைக்கப்படாதவர்கள்.

உயர்ந்த மலைகளில் வாழும் மக்களிடம் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் வாழும் நலமுள்ள ஒருவருக்குச் செறிவு 90ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருப்பது இயல்பு. ஆண்டிஸ் மலையின் அய்மாரா, கெச்சுவா மக்கள் ஹீமோகுளோபினின் அளவை உயர்த்தியும், திபெத்தியர்கள் அதை அவ்வளவாக உயர்த்தாமல் வேறு மரபணுத் தகவமைவுகளாலும், பல்லாயிரம் ஆண்டுகளாக அந்தக் காற்றோடு ஒத்துப்போயிருக்கிறார்கள். கடல்மட்டத்தில் எழுதப்பட்ட கையேட்டை வைத்துப் பார்த்தால் ஊர் முழுவதும் நோயாளிகள். 2,500 மீட்டருக்கு மேல் குழந்தைகளுக்கான எல்லையை 87 என்று தாழ்த்தி வைத்துக்கொள்ள வழிகாட்டுதல்கள் இடமளிக்கின்றன. வீட்டுப் பயன்பாட்டுக் கருவிகளின் கையேடுகளில் உயரத்தைப் பற்றிய இத்தகைய குறிப்பை நான் கண்டதில்லை.

கருவி எதை அளக்கவில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். இது ஹீமோகுளோபின் எத்தனை விழுக்காடு நிரம்பியிருக்கிறது என்று சொல்லுமே தவிர, மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. கடுமையான இரத்தசோகை உள்ள ஒரு கருவுற்ற பெண்ணுக்கு 98 என்று காட்டலாம். உடலுக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜன் பாதியளவே இருக்கலாம். அவ்வாறே, புகையோடு உள்ளே போகும் கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினோடு சேர்ந்துவிட்டால், இரண்டே ஒளிகளைக் கொண்ட இந்தக் கருவியால் அதை ஆக்சிஜனிலிருந்து பிரித்தறிய முடியாது. இரத்தசோகையும் காற்றோட்டமற்ற அறைகளில் விறகடுப்புப் புகையும் வறுமையோடு சேர்ந்தே வருபவை. ஒதுக்கப்பட்ட சமூகங்களில் இரண்டும் மிகுதி. பிழை ஒவ்வொன்றும் தனித்தனியே வருவதாகக் கையேடு எழுதப்பட்டிருக்கிறது, மனிதர்களின் வாழ்க்கை அப்படிப் பிரிந்து கிடப்பதில்லை.

விதிகளைப் பற்றி ஒரு சொல். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, ஓர் ஆக்சிமீட்டரைச் சோதிக்கக் குறைந்தது பத்துப் பேர் போதும். அவர்களுள் இருவரோ, மொத்தத்தில் 15 விழுக்காட்டினரோ, இவற்றுள் எது மிகுதியோ அத்தனை பேர் கருந்தோலினராக இருந்தால் போதும். பத்துப் பேருக்கு இருவர். அந்த இருவரிடம் வரும் பிழை மற்ற எண்மரின் சரியான அளவுகளோடு கலந்து சராசரியில் கரைந்துவிடும்; கருவியும் தேர்ச்சி பெற்றுவிடும். 2021 பிப்ரவரியில் அதே நிர்வாகம் தோல் நிறத்தைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவு வழிகாட்டுதலில், சோதனைக்கு 150 பேருக்குக் குறையாமல் வேண்டும் என்றும், எல்லிஸ் மங்க் உருவாக்கிய பத்துப் படிநிலை கொண்ட தோல் நிற அளவுகோலைப் பயன்படுத்தி வெளிறிய, இடைப்பட்ட, கரிய நிறத்தினர் ஒவ்வொரு பிரிவிலும் போதிய அளவில் இடம்பெற வேண்டும் என்றும் முன்மொழிந்தது. பிரிட்டனில் பேராசிரியர் மார்கரெட் வைட்ஹெட் தலைமையில் தனித்தியங்கிய ஆய்வுக் குழுவும் 2024 மார்ச்சில் இதே திசையில் பரிந்துரைத்தது. ஆனால் இவையெல்லாம் மருத்துவக் கருவிகளுக்கு. கடையில் நாமே வாங்கும் கருவிகளுள் பல 'பொது நலவாழ்வுக்கு' அல்லது 'விளையாட்டுப் பயன்பாட்டிற்கு' என்ற பெயரில் விற்கப்படுகின்றன. அவற்றை அந்த நிர்வாகம் மதிப்பிடுவதே இல்லை. என் கருவியின் பெட்டிக்கு அடிப்புறத்தில், 'மருத்துவப் பயன்பாட்டிற்கு அன்று' என்ற வரி இருப்பதை இந்த மதிப்புரை எழுதுவதற்காகப் பெட்டியைத் தேடி எடுத்தபோதுதான் பார்த்தேன். பெட்டியின் முன்புறத்தில் இருப்பதோ வெள்ளை அங்கி அணிந்த மருத்துவரின் படம்.

தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் சேவைக்கு ஒரே ஒரு கேள்வியை எழுதி அனுப்பினேன்: இந்தக் கருவி எத்தனை பேரிடம் சோதிக்கப்பட்டது, அவர்களுள் கருந்தோலினர் எத்தனை பேர்? உரிய தரநிலைகளுக்கு ஏற்பச் சோதிக்கப்பட்டது என்று இரண்டு நாளில் விடை வந்தது. மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டேன். கருவியை மாற்றித் தர முன்வந்தார்கள். மரியாதையான சேவை என்பதை மறுக்க மாட்டேன்.

இத்தனைக்குப் பிறகும் கருவியை நான் தூக்கி எறியவில்லை. பயன்படுத்தும் முறையை மாற்றிக்கொண்டேன். அம்மா நலமாக இருக்கும் நாட்களில், அமர்ந்து ஐந்து நிமிடம் ஓய்ந்த பிறகு, ஒரே விரலில், ஒரே வேளையில் அளந்து எழுதிவைக்கிறோம். அந்த வழக்கமான எண்ணிலிருந்து மூன்று அல்லது நான்கு புள்ளிகள் இறங்கினால், எல்லைக்கோட்டைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் மருத்துவரை அழைக்கிறோம். பிழை இருந்தாலும் ஒரே ஆளிடம் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும் என்பதால், எண்ணைவிட எண்ணின் இறக்கத்தை நம்பலாம் என்று மருத்துவர் சொன்னதே இதற்கு அடிப்படை. செறிவு குறையும்போது பிழை வளரும் என்பதையும் அவரே சொன்னார், ஆகவே இறக்கம் தெரிவதைவிட உண்மையில் பெரிதாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்கிறோம். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதையும், முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதையும் எழுதுகிறோம். இந்த இரண்டையும் அளக்கக் கருவி வேண்டாம், நிறமும் குறுக்கே வராது.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால், வெளிறிய தோலினர் ஒருவர் கடல்மட்டத்துக்கு அருகில் வீட்டில் வைத்துக்கொள்ள நான்கு கொடுப்பேன். என் அம்மாவுக்கு, மேற்சொன்ன முறையில் பயன்படுத்தினால், இரண்டு. கையேட்டில் உள்ளபடி மட்டும் பயன்படுத்தினால் அதையும் கொடுக்க மனமில்லை.